கோடி எவ்வளவு பெரிது?

லட்சம், கோடி என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மனம் உணர்வதில்லை. வினாடிகளாக்கிப் பார்ப்போம். தில்லியில் ரயிலேறினால் சென்னை சேருமுன்பே லட்சம் வினாடி கழிந்துவிடும்; அது 28 மணிக்கும் சற்றுக் குறைவே. கோடி வினாடிக்கோ ஏறக்குறைய 116 நாட்கள் வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாரத மக்கள் 121 கோடி. பிழைப்பு நாடி 20 வயதில் தில்லியில் வந்திறங்கும் இளைஞர், அன்றே வினாடிக்கு ஒருவராக, ஊணுறக்கமின்றி எண்ணத் தொடங்கினால், முடிக்கும்போது அவருக்கு 58 வயதாகியிருக்கும். (பெரிய எண்களை உச்சரிக்கவே ஒரு வினாடி போதாதென்பது வேறு விஷயம்!) தமிழ்நாட்டின் 7.2 கோடிப் பேரை எண்ணுவது இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட வேலைதான். அந்த எண்ணிக்கையில் நாம் இல்லை. குடியிருக்கும் மாநிலத்தின் கணக்கிலேயே நாம் சேர்ந்திருக்கிறோம்.