ஏரிக்கரையில் எழுந்த இரட்டைக் கோபுரங்கள்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரியின் கரையோரமாக 1951-ஆம் ஆண்டில் பூர்த்தியான 26 மாடி இரட்டைக் குடியிருப்புகளைக் காண்போர், அவற்றை வரைந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைப் போற்றுவார்களே அன்றி, அவரை நம்பி முதலீடு திரட்டிய ஹெர்பர்ட் கிரீன்வால்டை நினைப்பது அபூர்வம். தத்துவம் பயின்று கட்டட வியாபாரத்தில் இறங்கிய அவ்விளைஞர், அறுபதை எட்டியிருந்த மீஸை அணுகியபோது, அம்மேதை தம் வாழ்நாளில் வானளாவிய கட்டடம் ஒன்றைக்கூட எழுப்பியிருக்கவில்லை; அவரை அணுகியதை நம்பிக்கை என்பதா, அசட்டுத் துணிச்சல் என்பதா!

யுத்தத்திற்குப் பிந்திய எஃகுப் பஞ்சத்தால் இருவரும் முதலில் கான்கிரீட்டில் ஒரு குடியிருப்பைக் கட்டினர். எஃகும் கண்ணாடியும் கைகூடியது ஏரிக்கரைக் கோபுரங்களில்தான். தீத்தடுப்பு விதிகளின்படி உள்ளிருக்கும் எஃகுத் தூண்களைக் கான்கிரீட்டால் மூடியாக வேண்டியிருந்தமையால், கட்டடத்தின் பாரத்தைச் சுமக்காத மெல்லிய எஃகு விட்டங்களைச் சாளரங்களின் இடையிடையே வெளிப்புறத்தில் நெடுகப் பற்றவைத்து, மறைந்த எலும்புக்கூட்டின் சாயலை மீஸ் முகப்பிலே காட்டினார். அதைப் பிரதி செய்யாத பெருநகரம் அரிது.

1959-இல் நியூயார்க்கில் நேர்ந்த விமான விபத்தில் கிரீன்வால்ட் மாண்டார். அதன் விளைவாக மீஸின் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. டெட்ராய்ட் நகரில் இருவரும் தொடங்கியிருந்த லாஃபயட் பார்க் குடியிருப்பின் எஞ்சிய பகுதிகளைப் பிற்பாடு வேறு கலைஞர்கள் கட்டி முடித்தனர்.