ஆறு கண்ணிகளில் ஒரு வடம்! தெரியுமா?

நூலுக்கு ஒரு முறுக்குகூடப் போடாமல், துணியின் மேல் முறுக்கிய வடம் ஒன்றை ஓட வைக்கலாம், தெரியுமா? ஸ்வெட்டரின் மார்பில் தேர்வடம் போலப் புடைத்து நிற்குமே, அந்தக் கேபிள் பின்னலைத்தான் சொல்கிறேன். பார்த்தவுடன் ‘இது நமக்கு வராது’ என்று ஊசியைக் கீழே வைப்பவர்கள் அநேகம். வரும்! நிட், பர்ல் இரண்டும் பழகிய கைக்குக் கட்டாயம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இதைப் பார்த்தால் வியப்புக்கு மேல் வியப்பு!

முறுக்கே இல்லை, தெரியுமா?

கயிறு திரிப்பவர் நாரை முறுக்குகிறார். கேபிளில் அந்த வேலையே கிடையாது. ஊசியில் வரிசையாக நிற்கும் கண்ணிகளில் முதல் மூன்று சற்று ஒதுங்கிக் காத்திருக்கும். அடுத்த மூன்று முந்திக்கொள்ளும். அவ்வளவுதான்! வரிசை மாறிய அந்த இடத்தில் ஒரு பட்டை இன்னொன்றின் மேலே ஏறிவிடும்.

இதைத் தொட்டிப்பாலத்தில் பார்த்திருக்கிறீர்கள், தெரியுமா?

திற்பரப்புக்குப் பக்கத்தில் மாத்தூர். 1966-ல் கட்டிய தொட்டிப்பாலம் அங்கே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் நிற்கிறது. மேலே பட்டணங்கால்வாய்த் தண்ணீர், கீழே பறளியாறு! இரண்டும் கலப்பதில்லை, ஒன்று மற்றொன்றைத் தாண்டித் தன் வழியே போகிறது. கேபிளின் ஒவ்வொரு குறுக்கீடும் நூலால் கட்டிய தொட்டிப்பாலம்தான்.

வெறும் 18 கண்ணிகள் போதும், தெரியுமா?

வெளிர் நிறத்தில், வழுவழுப்பான, சற்றுத் தடித்த நூலை எடுங்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும். 18 கண்ணிகள் ஏற்றுங்கள். முன்பக்க வரிசையில் 6 பர்ல், 6 நிட், 6 பர்ல். பின்பக்க வரிசையில் 6 நிட், 6 பர்ல், 6 நிட். நான்கு வரிசை இப்படியே போகட்டும்.

ஐந்தாவது வரிசையில்தான் அதிசயம்! முதல் 6 பர்ல் முடிந்ததும், நடு ஆறில் முதல் மூன்று கண்ணிகளைப் பின்னாமல் ஒரு துணை ஊசிக்கு மாற்றி, துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். அடுத்த மூன்றையும் நிட் போடுங்கள். பிறகு காத்திருக்கும் மூன்றையும் நிட் போடுங்கள். மீதி 6 பர்ல். வடத்தின் முதல் வளைவு பிறந்துவிட்டது! இனி ஆறு வரிசைக்கு ஒருமுறை இதையே செய்தால் வடம் நீளும்.

கொண்டை ஊசியே துணை ஊசி, தெரியுமா?

கேபிளுக்கென்று கடையில் விற்கும் துணை ஊசிகளில் ஒரு வகை, கொண்டை ஊசியைப் போலவே வளைந்திருக்கும். அது கைவசம் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் வழுவழுப்பான கொண்டை ஊசியே போதும். மூன்று கண்ணிகள் நழுவாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

முன்னால் விட்டால் இடம், பின்னால் விட்டால் வலம்!

காத்திருக்கும் கண்ணிகள் துணிக்கு முன்னால் இருந்தால் வடம் இடப்பக்கம் சாயும். பின்னால் இருந்தால் வலப்பக்கம் சாயும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டே வலைப்பின்னல், தேன்கூடு, வைரக்கட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன!

துணி சுருங்கும், தெரியுமா?

குறுக்கிடும் இடமெல்லாம் துணியை உள்ளே இழுக்கும். அதே அகலத்துக்குக் கூடுதல் கண்ணியும் கூடுதல் நூலும் வேண்டும். முதலில் சிறு மாதிரி பின்னி அளந்துவிட்டுத்தான் குழந்தைத் தொப்பி போன்றவற்றைத் தொடங்க வேண்டும். தவறிப் போனாலும் கலங்க வேண்டாம்: அந்த ஆறு கண்ணிகளை மட்டும் தவறு நேர்ந்த வரிசைவரை அவிழ்த்து, திரும்ப ஏற்றிவிடலாம். மற்ற கண்ணிகளைத் தொடவே வேண்டாம்!

தவறவிட்ட கண்ணியே அடையாளம்!

கேபிளுக்குப் பேர்போனவை அயர்லாந்தின் அரன் தீவு ஸ்வெட்டர்கள். ஆயிரமாண்டுப் பழமை என்று பலர் நம்பினாலும், அவை உருவாகி நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தத் தீவு வாழ்க்கையை வைத்து ஜே. எம். சிங் எழுதி, 1904-ல் அரங்கேறிய நாடகத்தில், கடலில் மூழ்கிய அண்ணனைத் தங்கை தான் பின்னிய காலுறையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள். எப்படித் தெரியுமா? 60 கண்ணிகள் ஏற்றி 4 கண்ணிகளைத் தவறவிட்டது அவள் நினைவில் இருக்கிறது!

வெயில் நாட்டுக் கலை, தெரியுமா?

பின்னல் குளிர்தேசத்துச் சங்கதி என்றா நினைத்தீர்கள்? நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப்பின்னல்களில் பல, எகிப்தின் பருத்திக் காலுறைகள்! ஆகவே திற்பரப்பின் புழுக்கத்திலும் தயங்காமல் பருத்தி நூலை எடுக்கலாம். பருத்தி கம்பளியைப் போல இழுபடாது. கண்ணிகளைச் சற்றுத் தளர்வாகப் போட்டால் குறுக்கிடும்போது கை நோகாது.

இந்த மண்ணில் நூல் வாங்கித் தந்தது என்ன, தெரியுமா?

இனி வருவது எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் குண்டூசிகள், அவற்றைச் சுற்றிச் சிறு கட்டைகளில் தொங்கும் நூல்கள். அந்தக் கலைக்கு அடிப்படை இரண்டே அசைவுகள்: ஒரு நூலை மற்றொன்றின் மேல் குறுக்கே போடுவது, பக்கத்து நூலோடு திருப்பிவிடுவது. நாம் மூன்று கண்ணிகளைக் கொண்டு செய்யும் அதே இடமாற்றம்!

அப்போது இந்த மண் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, அடிமைகளாய்ப் பிறந்த பெண்பிள்ளைகளில் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்! நூலை நூல் தாண்டிய ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் காசு சேர்ந்தது; அந்தக் காசு ஒரு பிள்ளையை அவளுக்கே சொந்தமாக்கியது.

இன்று சாயங்காலம் 18 கண்ணிகள் ஏற்றுங்கள். ஐந்தாவது வரிசையில் அந்த மூன்று கண்ணிகள் முன்னால் தொங்கும்போது விரல் நடுங்கினால், அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்றையும் பின்னுங்கள். வடம் தானாக எழுந்து வரும்!