தெருவோரத்து மரங்கள் – 9: ஒப்பந்தத்துக்குள் ஓர் எண்

இங்கிலாந்தில் ஒருவர் தன் சொந்தத் தோட்டத்து மரத்தைக்கூட நினைத்த மாத்திரத்தில் வெட்டிவிட முடியாது. அந்த மரத்தின்மீது உள்ளாட்சி ‘மரப் பாதுகாப்பு ஆணை’ பிறப்பித்திருந்தால், கிளை கழிக்கக்கூட எழுதிக் கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் தந்த அதிகாரம் அது. அனுமதியில்லாமல் மரத்தை அழித்தால் நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. அதே இடத்தில் தகுந்த வேறொரு மரத்தை நட்டாகவும் வேண்டும். பழமை கெடாமல் காக்கப்படும் பகுதிகளில், ஆணை இல்லாத மரத்துக்கும் காவல் உண்டு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 7.5 சென்டிமீட்டரைத் தாண்டினால், வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

நமக்கு இப்படியொரு சட்டம் இல்லையே என்று ஏங்க வைக்கும் விதிகள்தான். ஆனால் இவை யாரைக் கட்டுகின்றன என்று பாருங்கள். வீட்டுக்காரரை, நிலத்துக்காரரை, கட்டடம் கட்ட வருபவரை. தெருவோரத்து மரத்தின் கதை வேறு. அதற்குச் சொந்தக்காரர் மாநகராட்சி. அதை வெட்ட அனுமதி தர வேண்டியதும் மாநகராட்சி. தன் பராமரிப்பில் உள்ள மரத்துக்குத் தானே ஆணை பிறப்பித்துக்கொள்வது அங்கே பெரிய வழக்கமில்லை. காக்கப்பட்ட பகுதிக்கான ஆறு வார அறிவிப்பும் அதன் சொந்த மரங்களுக்குப் பொருந்தாது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமோ சாலையைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை அதன் தலையில் வைக்கிறது. அந்தக் கடமையின் பேரில் ஒரு நகரம் எவ்வளவு மரங்களை இழக்கலாம் என்பதற்கு ஷெஃபீல்டு சாட்சி.

சென்ற வாரம் பார்த்த மும்பை ஆரேயில், 2019 அக்டோபரில் மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளிய அன்றிரவே ரம்பங்கள் நுழைந்தன. இரண்டே நாளில் 2,000க்கு மேற்பட்ட மரங்கள் போயின. ஷெஃபீல்டில் எல்லாம் நிதானமாக, கோப்புகளோடும் கடிதங்களோடும் ஆறு ஆண்டுகள் நடந்தது. விதிகள் எங்கே தோற்கின்றன என்று அறிய விரும்புபவர்கள் ஆரேயைவிட ஷெஃபீல்டைத்தான் அதிகம் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஷெஃபீல்டு வட இங்கிலாந்தின் எஃகு நகரம். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் உலோகத்தின் மூதாதையான துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கியது இங்கேதான். உலைகளின் புகை சூழ்ந்த அந்த நகரத்தின் குடியிருப்புத் தெருக்களில் லைம், எல்ம், ஓக் என்று வரிசை வரிசையாக மரங்கள் நடப்பட்டன. (இந்த லைமுக்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தமில்லை, இது அகன்ற இலையும் நிமிர்ந்த உடலும் கொண்ட நிழல் மரம்.) தெருமரங்கள் மட்டுமே சுமார் 36,000. 2006, 2007இல் மாநகராட்சியே ஒரு நிறுவனத்தைக் கொண்டு அவற்றைக் கணக்கெடுத்தது. ஏறக்குறைய 25,000 மரங்களுக்கு எந்த வேலையும் தேவையில்லை, சுமார் 10,000 மரங்களுக்கு ஏதேனும் ஒரு சிகிச்சை வேண்டும், அவற்றுள் 1,000 மரங்களை அகற்ற வேண்டும் என்று கணக்கு வந்தது. ஆயிரம் என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துச் சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. பழுது பார்க்கக் கையில் பணமில்லை. தனியார் முதலீட்டில் பொதுப்பணி என்ற ஏற்பாட்டின்கீழ், 2012இல் மாநகராட்சி ஆமி என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. சாலை, நடைபாதை, தெருவிளக்கு, மரம் எல்லாம் சேர்த்து 25 ஆண்டுப் பராமரிப்பு. மதிப்பு சுமார் 220 கோடி பவுண்டு. சாலைகள் மேம்பட்டன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்தபோதே பிழை தொடங்கிவிட்டது. விளக்குக் கம்பம் புதிதாக இருக்கும்போதுதான் அதிகம் பயன்படும். மரம் வயதாக ஆகத்தான் பயன் தரும்.

எந்த மரத்தை எடுக்கலாம் என்று முடிவுசெய்ய மாநகராட்சி ஆறு காரணங்களை வைத்திருந்தது. செத்தது, சாகும் நிலையில் உள்ளது, நோயுற்றது, ஆபத்தானது, சேதம் விளைவிப்பது, பாகுபாடு காட்டுவது. முதல் நான்கும் மரத்தைப் பார்த்துச் சொல்பவை. கடைசி இரண்டும் மரத்தைப் பார்ப்பதில்லை, நடைபாதையைப் பார்க்கின்றன. வேர் நடைபாதை ஓரக்கல்லைத் தூக்கியிருந்தால் அது ‘சேதம்’. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ போக முடியாதபடி தண்டு வழியை அடைத்திருந்தால் அது ‘பாகுபாடு’. மக்கள் எதிர்த்து நின்ற இடங்களில் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு காரணங்களே சொல்லப்பட்டன. நூறு வயதிலும் திடமாக நின்ற மரங்கள், ஓரக்கல் சில அங்குலம் எழும்பியதற்காக விழுந்தன.

சக்கர நாற்காலியில் போகிறவரின் உரிமையை நான் சிறிதாக நினைக்கவில்லை. அவருக்கு நடைபாதை வேண்டும், அது சமதளமாக இருக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு மரத்தை வெட்டுவதுதான் வழி என்பதை ஏற்க முடியாது. வேருக்கு மேலே வளைந்து கொடுக்கும் பொருளைக் கொண்டு நடைபாதை அமைக்கலாம். ஓரக்கல்லை மெல்லியதாகச் செதுக்கிப் பதிக்கலாம், அல்லது மரத்தைச் சுற்றி வளைத்து வைக்கலாம். மரம் நிற்கும் இடத்தில் மட்டும் நடைபாதையைச் சாலைப் பக்கமாக ஒரு சாண் நீட்டலாம். இவை எல்லாம் மாநகராட்சியின் சொந்த ஆவணத்திலேயே மாற்று வழிகளாக எழுதப்பட்டிருந்தன. வெட்டுவதே கடைசி வழி என்றும் மக்களிடம் சொல்லப்பட்டது. நடைமுறையில் அந்த வழிகள் அரிதாகவே எடுத்தாளப்பட்டன.

எதிர்ப்பு வலுத்ததும் 2015இல் மாநகராட்சி ஒரு சுயேச்சையான மரக் குழுவை அமைத்தது. தெருவுக்குத் தெரு வீடுகளுக்குக் கடிதம் போகும். பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் எதிர்த்தால், அந்தத் தெருவின் மரங்கள் குழுவின் ஆய்வுக்குப் போகும். கேட்க நன்றாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் குழு காப்பாற்றச் சொன்ன மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாநகராட்சி அந்த அறிவுரையை ஏற்கவில்லை. குழுவுக்கு இருந்தது சொல்லும் உரிமை மட்டுமே. வெட்டும் கையைப் பிடிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. குழு அமைப்பது நம்மூரிலும் எளிதில் நடக்கும் காரியம்தான். அதன் சொல் அலுவலகத்தைக் கட்டுமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

2016 நவம்பர் 17ஆம் தேதி ரஸ்ட்லிங்ஸ் ரோட்டில் நடந்தது இதற்குச் சான்று. அந்தத் தெருவின் மரங்களைப் பற்றிக் குழு தந்திருந்த அறிக்கையை மாநகராட்சி தன் இணையதளத்தில் ஏற்றியது விடியற்காலை நாலரை மணிக்கு. ஐந்து மணிக்குப் போலீசார் கதவுகளைத் தட்டி, கார்களை நகர்த்தச் சொன்னார்கள். இருட்டிலேயே எட்டு மரங்கள் வெட்டப்பட்டன. அறிக்கையைப் படித்துவிட்டு நீதிமன்றம் போக எவருக்கும் அரைமணி நேரம் போதாது. மரத்தடியை விட்டு நகர மறுத்த, எழுபது வயதை எட்டிய இரண்டு பெண்கள் கைதானார்கள். அவர்கள்மீது பாய்ந்தது 1992ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப் பிரிவு. அந்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அந்தப் பகுதியின் எம்.பி.யும் முன்னாள் துணைப் பிரதமருமான நிக் கிளெக், இது புதினின் ரஷ்யாவில் பார்க்கக் கூடிய செயல் என்று கண்டித்தார்.

2017 ஆகஸ்டில் மாநகராட்சி உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. வெட்டும் மரத்தைச் சுற்றி வைத்த தடுப்புக்குள் யாரும் நுழையக் கூடாது. மீறியவர்களில் சிலருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் கிடைத்தது. மக்கள் ஒரு வழி கண்டார்கள். தடையாணை பொதுச் சாலைக்குத்தான். வீட்டுத் தோட்டத்துக்கு இல்லை. மரத்தின் கிளை தோட்டச் சுவருக்கு மேலே நீண்டிருக்கும். கிளைக்குக் கீழே ஆள் நின்றால் பாதுகாப்பு விதிப்படி ரம்பத்தை இயக்கக் கூடாது. எனவே வீட்டுக்காரரின் சம்மதத்தோடு சுவரை ஒட்டி மணிக்கணக்கில் நின்றார்கள். தங்களைப் பல்லிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். குளிர்காலத்து ஷெஃபீல்டில், ஆசிரியராகவும் அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்ற மனிதர்கள், முறை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாநகராட்சியின் மரத்தைக் காக்க விதி இல்லாததால், தொழிலாளர் பாதுகாப்பு விதியைப் பிடித்துக்கொண்டு மரத்தைக் காத்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அவர்கள் காத்து நின்ற மரங்களில் செல்சி ரோட்டின் எல்ம் ஒன்று. வயது நூற்றுக்கு மேல். எல்ம் மரங்களைத் தாக்கிய கொள்ளைநோய் கடந்த நூற்றாண்டில் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றது. தப்பிப் பிழைத்த சிலவற்றுள் இதுவும் ஒன்று. இறக்கையின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு ஓடும் ஓர் அரிய பட்டாம்பூச்சி அதில் குடியிருந்தது. அதன் புழு எல்ம் மரத்தைத் தவிர வேறெதையும் உண்டு வாழாது. இப்படிப்பட்ட மரமும் பட்டியலில் இருந்தது, நடைபாதையைக் காரணம் காட்டி. வெஸ்டர்ன் ரோட்டிலோ, முதல் உலகப் போருக்குச் சென்ற பள்ளி மாணவர்களின் நினைவாக 1919இல் நட்ட மரங்கள். அவற்றிலும் பல குறிக்கப்பட்டிருந்தன.

ஒவ்வொரு முறையும் மாநகராட்சி சொன்ன ஆறுதல் ஒன்றே. ஒரு மரத்தை எடுத்தால் ஒரு மரம் நடுகிறோம். நம் நாட்டு விதிகள் இதைவிடத் தாராளமானவை. டெல்லியில் ஒன்றுக்குப் பத்து வரை நடச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, வெட்டப்படும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்றுகள். இந்தக் கணக்குகள் எல்லாமே மரத்தைத் தலைக்கு ஒன்றாக எண்ணுகின்றன. கன்று பிழைக்குமா, எங்கே நடப்படும், எந்தத் தெருவுக்கு நிழல் போனதோ அந்தத் தெருவுக்கு அது திரும்புமா என்ற கேள்விகளுக்கு எண்ணிக்கையில் பதில் இல்லை. மதிப்பிட வேறு வழி இருக்கிறது. கேவாட் என்று இங்கிலாந்தில் வழங்கும் முறை தண்டின் பருமனில் தொடங்கி, சுற்றிலும் வாழும் மக்கள்தொகை, மரத்தின் நலம், கண்ணுக்கு எட்டும் தன்மை என்று கணக்கிட்டு ஒவ்வொரு மரத்துக்கும் பண மதிப்பு சொல்கிறது. 2008இல் லண்டன் பெர்க்லி சதுக்கத்துப் பிளேன் மரம் ஒன்றுக்கு 7,50,000 பவுண்டு என்று மதிப்பு வந்தது. மரத்துக்கு விலை போடுவதை விரும்பாதவர்கள் உண்டு. எனக்கும் முழு நிறைவில்லை. ஆனாலும் மதிப்பு எழுதப்படாத மரம் மாநகராட்சியின் கணக்கேட்டில் பூஜ்யமாகத்தான் கிடக்கிறது. ஓரக்கல்லுக்கு விலை உண்டு, மரத்துக்கு இல்லை என்றால் எது வெட்டுப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி, ஒப்பந்தத்துக்குள் இருந்த அந்த எண். தகவல் அறியும் சட்டத்தின் வழியே கேட்டுக் கேட்டு, 2018 மார்ச்சில் ஒப்பந்தத்தின் மறைத்து வைத்திருந்த பகுதி வெளியே வந்தது. ஆண்டுக்கு 200 மரங்களுக்குக் குறையாமல் மாற்ற வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது 17,500 மரங்கள் மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய நகரத்தின் பாதித் தெருமரங்கள். அப்படி இலக்கு எதுவும் இல்லை என்றுதான் மாநகராட்சி அதுவரை சொல்லிவந்தது. கணக்கெடுப்பு 1,000 என்றது, ஒப்பந்தம் 17,500 என்றது. இடையில் எந்த நோயும் ஷெஃபீல்டின் மரங்களைத் தாக்கவில்லை. ஆறு காரணங்கள், சுயேச்சைக் குழு, வீட்டுக்கு வீடு கடிதம் எல்லாம் மக்கள் படிக்கக் கிடைத்த விதிகள். மரத்தின் விதியை எழுதியதோ அவர்கள் படிக்க முடியாத ஒரு வரி. என்னைப் பொறுத்தவரை ஷெஃபீல்டின் பெருங்குற்றம் இதுதான். வெட்டியது இரண்டாவது, மறைத்தது முதலாவது.

அதே மாதம் வெட்டு நிறுத்தப்பட்டது. அதற்குள் 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் போயிருந்தன. மாநகராட்சியும் ஒப்பந்ததாரரும் போராடியவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து, எஞ்சியவற்றை மரம் மரமாகப் பார்த்தார்கள். முன்பு முடியாது என்று சொல்லப்பட்ட இடங்களில் ஓரக்கல்லைத் திருத்தியே மரங்கள் காப்பாற்றப்பட்டன. செல்சி ரோட்டு எல்மும் தப்பியது.

ஐ.நா.வின் மனிதாபிமான உதவிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மார்க் லோகாக்கிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. 2023 மார்ச் 6ஆம் தேதி வெளியான அவர் அறிக்கை எதையும் மழுப்பவில்லை. 17,500 மரங்களை மாற்றும் திட்டமே தவறு, மாநகராட்சி மக்களை மட்டுமல்ல, நீதிமன்றத்தையும் திசைதிருப்பியது, தலைமை நீண்டகாலம் தவறியது என்று அவர் எழுதினார். அந்த ஆண்டு ஜூனில் மாநகராட்சி முழு மன்னிப்புக் கேட்டது.

நாடு பாடம் கற்றுக்கொண்டதா? அறிக்கை வெளியாகி எட்டு நாள். மார்ச் 14 இரவு, தென்மேற்குக் கடலோர நகரமான பிளிமத்தில், ஆர்மடா வே என்ற கடைவீதியில், மாநகராட்சி இருட்டில் ரம்பங்களை இறக்கி 110 மரங்களை வெட்டியது. நள்ளிரவுக்குப் பின் உயர் நீதிமன்றத் தடை வந்து சேர்ந்தபோது 16 மரங்களே மிஞ்சியிருந்தன. உத்தரவில் கையெழுத்திட்ட மாநகராட்சித் தலைவர் அதே மாதம் பதவி விலகினார்.

தெருமரத்தை வெட்டுமுன் உள்ளாட்சி மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில், 115ஆம் பிரிவு, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பர் 30ஆம் தேதிதான். பிளிமத்துக்கு எட்டு மாதம் தாமதம். இப்போது இங்கிலாந்தின் உள்ளாட்சி தன் சொந்த மரத்தை வெட்டவும் முதலில் கேட்க வேண்டும். செத்த மரம், ஆபத்தான மரம், தண்டு 8 சென்டிமீட்டரைத் தாண்டாத இளமரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்கிய சட்டம், கேட்ட கருத்தை ஏற்பதைக் கட்டாயமாக்கவில்லை. கடைசி முடிவு இன்னும் அதே அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)