தொடக்கநிலை மறதிநோயில் கணினிவழி அறிதிறன் பயிற்சி

மறதிநோயின் தொடக்க நிலையில் உள்ளோர் அறிவுறுத்தல்களைப் புரிந்துகொண்டு கணினியில் பயிற்சி செய்ய இயலும். ஒத்த படங்களை இணைத்தல், எண்வரிசையை நினைவில் இருத்துதல், பல குறிகளுக்கிடையே ஒன்றைக் கண்டறிதல் முதலியன இப்பயிற்சியில் இடம்பெறுகின்றன. பயில்வோரின் விடைகளுக்கேற்பக் கடினநிலை தானே கூடிக் குறைவது கணினிவழிப் பயிற்சியின் தனிச்சிறப்பாகும்.

இதன் பயனை மதிப்பிடுகையில் இருவகை விளைவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். பயின்ற பணியில் தேர்ச்சி பெறுதல் ஒன்று. அத்தேர்ச்சி, மருந்தை வேளை தவறாது உட்கொள்ளுதல், பணம் எண்ணிக் கொடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்கும் பரவுதல் மற்றொன்று. 2017ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, மறதிநோய்க்கு முந்தைய இலேசான அறிதிறன் குறைபாடு குறித்த 17 ஆய்வுகளையும், மறதிநோய் குறித்த 12 ஆய்வுகளையும் ஆராய்ந்தது. முன்னதில் கணினிவழிப் பயிற்சி மிதமான பயன் தந்தது; பின்னதில் சான்றுகள் வலுவற்றிருந்தன. கணினிவழி அல்லாத பயிற்சிகளையும் உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, பயிற்சி பெறாதோரைவிடப் பெற்றோரிடம் சிறிய முதல் நடுத்தர அளவிலான முன்னேற்றத்தைக் கண்டது. எனினும் பிற சிகிச்சைகளைவிட இது மேம்பட்டது என நிறுவப்படவில்லை.

எனவே, திரையில் உயரும் மதிப்பெண் நோய் தணிந்ததற்குச் சான்றாகாது. நோயாளிக்கு இன்றியமையாத ஓர் அன்றாடச் செயலைத் தேர்ந்து, அதில் நிகழும் மாற்றத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தும்.