விமான ஊழியர்களின் சலுகை டிக்கெட்: அம்மா அப்பாவை லண்டனுக்கு அனுப்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். இப்போது ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பெற்றோருக்கும் சலுகை டிக்கெட் உண்டு" என்று வீட்டில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிடும்: "பிள்ளை ஃப்ளைட்ல வேலை செய்யுது, அவங்களுக்கு எல்லாம் ஃப்ரீ!"

சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஊழியர் டிக்கெட்டுகளில் ஒன்று மட்டும் இருக்காது: உறுதியான இருக்கை.

ஸ்டேண்ட்பை என்றால் என்ன?

காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிச்சம் இருந்தால் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொடுப்பார்கள். இதுதான் ஸ்டேண்ட்பை. நம் ஊர் ஊழியர்கள் 'சப்-லோட்' என்றும் சொல்வார்கள்.

'ஐடி 90' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிப்படைக் கட்டணத்தில் 90 விழுக்காடு கழிவு என்று அர்த்தம். வேறு நிறுவன விமானத்தில் போக 'செட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் பறக்கும் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் அது செல்லும்.

கழிவு அடிப்படைக் கட்டணத்துக்குத்தான். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பெரும்பாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும். லண்டனிலிருந்து திரும்பும்போது பிரிட்டன் வசூலிக்கும் பயணி வரி, தூரம் கூடக் கூட அதிகமாகும்.

யாரை முதலில் கூப்பிடுவார்கள்?

கவுண்டரில் சீக்கிரம் வந்து நின்றால் முதலிடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். வேலை நிமித்தமாகப் போகும் ஊழியர்களுக்கே முன்னுரிமை. அடுத்து, அதே நிறுவனத்தில் விடுமுறையில் போகும் ஊழியர்களும் குடும்பத்தாரும். பிற நிறுவன ஊழியர்கள் கடைசியில் வருவார்கள். ஒரே பிரிவுக்குள், பல நிறுவனங்கள் வேலையில் சேர்ந்த தேதியைப் பார்க்கும். சில, செக்-இன் செய்த நேரத்தைப் பார்க்கும்.

அதாவது நீங்கள் போன வருஷம் சேர்ந்தவர் என்றால், இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர் கடைசி நிமிடத்தில் வந்தாலும் உங்கள் அம்மாவுக்கு முன்னால் போய்விடலாம்.

தூரப் பயணத்தில் ஏன் சிக்கல் அதிகம்?

முதல் காரணம், விமானங்களின் எண்ணிக்கை. கோலாலம்பூர்–சிங்கப்பூர் உலகிலேயே மிகப் பரபரப்பான சர்வதேச வழித்தடங்களில் ஒன்று. ஒரு விமானம் போனால் அடுத்தது கொஞ்ச நேரத்தில் வரும். லண்டனுக்கு நேரடி விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று இடமில்லை என்றால் பெரும்பாலும் நாளைதான். பள்ளி விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயம் என்றால் நாளையும் சந்தேகம்.

இரண்டாவது காரணம், எடை. இது பலருக்குத் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். மேற்கு நோக்கிப் பறக்கும்போது எதிர்க்காற்று பலமாக இருந்தால் எரிபொருள் கூடுதலாக வேண்டும். விமானத்தின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு உண்டு. சரக்கும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால் சில நாள்களில் இருக்கை காலியாக இருந்தும் ஸ்டேண்ட்பை பயணிகளை ஏற்ற மாட்டார்கள்.

ரிங்லெட்டிலிருந்து கணக்குப் போட்டால்?

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை சுமார் 45 கிலோமீட்டர் வளைவுப் பாதை, பிறகு நெடுஞ்சாலை. கேஎல்ஐஏ போய்ச் சேரச் சுமார் நான்கு மணி நேரம். பெயரைக் கூப்பிடாவிட்டால் அதே தூரம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் ஹோட்டல் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் செலவு இன்னும் ஏறும். இரண்டு இரவு ஹோட்டலும் சாப்பாடும் சேர்ந்தால், மிச்சம் பிடித்த காசு காணாமல் போய்விடும்.

ஏற்ற மறுத்தால் இழப்பீடு உண்டா?

எதிர்பார்க்காதீர்கள். விமானப் பயணிகளுக்கு வலுவான பாதுகாப்பு தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறையே, பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்தில் போகிறவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பிரிட்டனிலும் அதே விதிதான்.

நடத்தையையும் கவனிப்பார்கள். 2017 மார்ச்சில், அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் யுனைடெட் நிறுவனத்தின் ஊழியர் சலுகையில் வந்த இரண்டு சிறுமிகளை, லெக்கிங்ஸ் அணிந்திருந்ததால் ஏற்றவில்லை. சாதாரண டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்த உடைக்குத் தடை இல்லை. உங்கள் சித்தப்பா கவுண்டரில் சத்தம் போட்டாலோ, நீங்கள் சலுகையை வெளியாருக்கு விற்றாலோ, பறிபோவது உங்கள் சலுகை. சில சமயம் வேலையும் போகும்.

அப்போ என்ன செய்யலாம்?

• கல்யாணம், சாவு, பட்டமளிப்பு, மருத்துவச் சந்திப்பு என்று தேதி மாறாத காரியத்துக்கு முழுக் கட்டணம் கட்டி உறுதியான டிக்கெட் எடுங்கள்.

• நெரிசல் இல்லாத மாதத்தில் போங்கள். முந்தின நாளும் அன்று காலையும் எத்தனை இருக்கை காலி, பட்டியலில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

• திரும்பி வரும் நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் விடுங்கள். விசா, பயண அனுமதிக் காலத்திலும் அதே இடைவெளி வேண்டும்.

• பெரிய பெட்டி வேண்டாம். மருந்து, ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். சைவ உணவை முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாமல் போகலாம், அதனால் சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுங்கள்.

• அவசரத்துக்கு ஒருவழி டிக்கெட் வாங்கும் அளவு பணம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

• பெற்றோர் தனியாகப் போகிறார்கள், ஆங்கிலம் தடுமாறும் என்றால், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். அறிவிப்பு காதில் விழாமல் போனால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கடைசியாக ஒன்று. "இன்னிக்கே போகலாம், நாளைக்கும் ஆகலாம், திரும்பியும் வரலாம்" என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊரே வழியனுப்பிய பிறகு பெட்டியோடு லயத்துக்குத் திரும்புவது பெரியவர்களுக்கு அவமானமாகத் தோன்றும். இது டிக்கெட்டின் நிபந்தனை, யாருடைய தப்பும் இல்லை என்று தெரிந்திருந்தால், அடுத்த தடவையும் தயங்காமல் கிளம்புவார்கள்.