கூண்டு வண்டியில் ஏறுமுன்

எங்கள் எலும்பியல் பிரிவிற்கு வரும் சிலர், தம் சிகிச்சை பற்றிய பேச்சு முடிந்ததும், தயங்கியபடி வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர். ஒரகடத்தைத் தாண்டிச் சிறிது நிலம் வாங்கிப் பண்ணை வீடு அமைத்தவர்கள் அவர்களுள் சிலர். தொழிற்சாலை விடுமுறையில் குடும்பத்தோடு விடுதிக்குச் சென்று வந்தவர்கள் வேறு சிலர். "கூண்டு வைத்த அந்தக் குட்டி ஜீப் பாதுகாப்பானதுதானே, டாக்டர்? இருசக்கர வண்டியைப் போல விழுந்துவிடாதல்லவா?" என்பதே அக்கேள்வி. விழும். ஆனால் அது விழும்போது உள்ளே இருப்பவர் பெரும் காயமின்றித் தப்புவதற்கான ஏற்பாடுகள் அதிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் ஏறுவோரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டிகளில் இரண்டு வகைகள் நம் ஊர்ப்பக்கம் காணப்படுகின்றன. 'ஏடிவி' அல்லது 'குவாட் பைக்' என்பது குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டுவது. ஓட்டுபவர் தம் உடலைச் சாய்த்து வண்டியின் சமநிலையைக் காக்க வேண்டும். மற்றது 'சைட்-பை-சைட்'. ஓட்டுபவரும் உடன்வருபவரும் அருகருகே இருக்கைகளில் அமர்வர். காரில் உள்ளதுபோல் ஸ்டீயரிங்கும், காலால் மிதிக்கும் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும், சீட் பெல்ட்டும் உண்டு. தலைக்கு மேலே இரும்புக் குழாய்களாலான கூண்டு இருக்கும். சிறிய வண்டிகள் பலவற்றில் கியர் மாற்றும் வேலை இல்லை. நம் வீட்டு ஸ்கூட்டரில் உள்ளதுபோன்ற பெல்ட் அமைப்பே அவற்றிலும் இயங்குகிறது. லடாக்கின் மலைகளிலும் கட்ச் பகுதியின் சதுப்பு நிலங்களிலும் நம் படையினர் இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்துகின்றனர். தென்னந்தோப்பில் உர மூட்டை ஏற்றிச் செல்லவும், ஓய்வு நாளில் மண்பாதையில் உலவவும் வாங்குவோர் இங்கே உள்ளனர்.

சிறிய சைட்-பை-சைட் வண்டியின் அகலம் பெரும்பாலும் 50 அங்குலம், அதாவது ஏறத்தாழ 127 சென்டிமீட்டர். அமெரிக்கக் காட்டுப் பாதைகள் பலவற்றில் அதைவிட அகலமான வண்டிக்கு அனுமதி இல்லாமையால் ஏற்பட்ட அளவு இது. நம் தோப்புகளில் இரண்டு மர வரிசைகளுக்கு இடையே எளிதாகப் புகுந்து செல்ல இந்த அளவு வசதியாக இருக்கிறது. கல்லிலும் வரப்பிலும் அடித்தட்டு இடிக்காமலிருக்க, வண்டி தரையிலிருந்து நன்கு உயர்ந்து நிற்கிறது. குறுகிய அகலம், கூடிய உயரம் என்ற இரண்டும் வண்டியின் பெருமைகளாகச் சொல்லப்படுகின்றன. அது கவிழ்வதற்கான காரணங்களும் இவையே.

வைக்கோலை உயரமாக அடுக்கிய டிராக்டர் வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, எடையின் மையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிதாக வண்டி பக்கவாட்டில் சாயும். ஒரு காருக்குள் இருவர் ஏறினால் அதன் மொத்த எடையில் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. 450 கிலோ எடையுள்ள வண்டியில் இரண்டு பெரியவர்கள் ஏறினால், அவர்களின் 140 அல்லது 150 கிலோ, வண்டியின் எடையில் மூன்றிலொரு பங்கு. அதுவும் உயரமான இருக்கைகளில் அமர்கிறது. ஆகவே தனியாக ஓட்டியபோது எளிதாகத் திரும்பிய அதே வளைவில், மைத்துனரை அருகில் அமர்த்தி ஓட்டும்போது வண்டி கவிழலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. யமஹா நிறுவனத்தின் 'ரைனோ' என்ற சைட்-பை-சைட் வண்டி 2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெருமளவில் விற்பனையாயிற்று. அது கவிழ்ந்து பலர் காயமுற்றனர்; உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2007-இல் அந்நிறுவனம் வண்டிகளுக்குக் கதவுகளையும் கூடுதல் கைப்பிடிகளையும் இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. 2009 மார்ச் மாத இறுதியில், அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் நிறுவனமும் இணைந்து இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தன. பின்சக்கரங்களை வெளிப்புறமாகத் தள்ளி வைக்கும் துண்டுகளைப் பொருத்துவதும், பின்பக்கத்துச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றுவதும் அதன் முக்கியப் பகுதிகள். ஆணையம் அப்போது ஆராய்ந்திருந்த நிகழ்வுகளில் 46 பேர் இறந்திருந்தனர். கவிழ்ந்த நிகழ்வுகள் பலவும் சமதளத்தில், ஒப்பளவில் குறைந்த வேகத்தில் திரும்பும்போது ஏற்பட்டவை என்றும், பலர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்றும் அவ்வாணையம் தெரிவித்தது. அதற்குப் பின்னர் இவ்வகை வண்டிகளுக்கெனத் தனித் தரநிலைகள் உருவாயின. இன்றைய வண்டிகள் முந்தையவற்றைவிட மேம்பட்டவையே. எனினும் "மெதுவாகத்தானே போகிறோம், நம் நிலத்தில்தானே ஓட்டுகிறோம்" என்று சொல்லும் குடும்பத்தார், மெதுவான வேகமும் சமதளமும் யாரையும் காக்கவில்லை என்ற இந்தச் செய்தியை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீளும் கை

வண்டி சாயும்போது மனிதர் என்ன செய்கிறார்? கையை வெளியே நீட்டுகிறார். அல்லது காலை ஊன்றி வண்டியைத் தாங்க முயல்கிறார். இதை மடமை என்று எவரும் சொல்ல முடியாது. குழந்தைக்கு ஏறத்தாழ எட்டு, ஒன்பது மாதம் ஆகும்போது, முன்னோக்கிச் சாய்த்தால் இரு கைகளையும் விரித்துத் தரையை நோக்கி நீட்டும் அனிச்சைச் செயல் தோன்றுகிறது. குழந்தை நல மருத்துவர்கள் வளர்ச்சியின் அடையாளமாக இதைச் சோதித்துப் பார்ப்பதுண்டு. குழந்தைப் பருவத்து அனிச்சைச் செயல்கள் பலவும் சில மாதங்களில் மறைந்துவிட, இது வாழ்நாள் முழுதும் நம்மோடு இருக்கிறது. நடக்கும்போது தடுக்கி விழுபவரின் முகத்தைக் காப்பது அதுதான். சாயும் கூண்டு வண்டியில் அதே செயல் கையைக் கூண்டுக் குழாய்க்கும் தரைக்கும் நடுவே கொண்டுபோய் வைக்கிறது. "நான் நீட்டமாட்டேன்" என்று மனத்தில் உறுதி செய்துகொள்வதால் பயன் இல்லை; எண்ணம் எழுவதற்கு முன்பே கை போய்விடுகிறது.

ஆகவே தடுப்பு வெளியிலிருந்து வர வேண்டும். பக்கவாட்டு வலை அல்லது கதவு, இறுகக் கட்டிய பெல்ட், உடன்வருபவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி ஆகிய மூன்றும் அதற்காகவே வைக்கப்பட்டுள்ளன. ஏறி இறங்கத் தொல்லையாக இருக்கிறதென்று வலையைக் கழற்றி மூலையில் போடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். பொறியியல் மாணவர்கள் கரட்டு நில வண்டிகளைத் தாமே வடிவமைத்து ஓட்டும் 'பாஹா' என்ற போட்டி 2007 முதல் இந்தியாவில் நடைபெற்று வருகிறது; தமிழகக் கல்லூரிகளும் அதில் பங்கேற்கின்றன. ஓட்டுநரின் இரு கைகளும் கூண்டுக்கு வெளியே செல்லாதவாறு பிணைக்கும் வார்கள் அப்போட்டியில் கட்டாயம். இருபது வயது மாணவருக்கு அந்த வார் தேவையென்றால், நாற்பத்தைந்து வயதில் முதன்முறை ஓட்டுபவருக்கு வலையாவது வேண்டாமா?

கூண்டு நசுக்கிய கை சாதாரண எலும்பு முறிவைப் போன்றதன்று. தோல் உரிந்து, தசை சிதைந்து, இரத்தக் குழாயும் நரம்பும் அறுந்து, மண் ஆழமாகப் புகுந்திருக்கும். ஒரே அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் முடிவதில்லை. முதலில் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். பிறகு எலும்பை நிலைநிறுத்த வேண்டும். அதன்பின் தோலை வைத்து மூட வேண்டும். விரல்களை மடக்கிப் பழகுவதற்கு மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சியும் தேவைப்படும். தொழிற்சாலையில் பொருத்துநராக அல்லது வெல்டராக வேலை செய்பவருக்கு அந்தக் கை திரும்பக் கிடைப்பது, அவர் குடும்பத்தின் வருமானம் திரும்பக் கிடைப்பதாகும்.

முதுகெலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரப்பின்மேல் வேகமாக ஏறி வண்டி எழும்பி விழும்போது, உட்கார்ந்திருப்பவரின் முழு எடையும் நேர் கீழாக முதுகுத்தண்டில் இறங்குகிறது. மார்புப் பகுதி முள்ளெலும்புகளும் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளும் சந்திக்கும் இடம் இத்தகைய தாக்குதலில் எளிதில் நொறுங்கும். எலும்புத் தேய்வு உள்ளவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், சிறிய குலுக்கலிலும் இவ்வாறு காயமுறலாம். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், எலும்பில் தகடு பொருத்தப்பட்டவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் தம் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏற வேண்டாம். கர்ப்பிணிகள் ஏறவே வேண்டாம்.

உடை, குழந்தை, நிலம்

பக்கங்கள் திறந்த வண்டியில் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சக்கரத்தை நோக்கிப் பறக்கும். இருசக்கர வண்டியில் இதனால் நேரும் விபத்துகளை நம் வாசகர்கள் அறிவர். கோகார்ட் வண்டியின் சுழலும் பகுதியில் கூந்தல் சிக்கி உயிரிழந்த நிகழ்வுகளும் நம் நாட்டில் உண்டு. கூந்தலைக் கொண்டையாக முடிந்து தலைக்கவசத்திற்குள் அடக்க வேண்டும். வேட்டியும் லுங்கியும் உதவா. கூண்டு இருக்கும்போது தலைக்கவசம் எதற்கு என்று கேட்போர் உண்டு. கவிழும் நேரத்தில் தலை மோதுவது அந்தக் கூண்டின் குழாயில்தான்.

வண்டியை ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயதும் ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும் என்பது இவ்வண்டிகளைத் தயாரிப்போர் பொதுவாக விதிக்கும் வரையறை. நம் நாட்டில் காருக்குரிய உரிமம் பெற 18 வயது ஆக வேண்டும். அதையே இதற்கும் கொள்வது நலம். உடன் அமரும் பிள்ளைக்கு வயதைவிட உயரமே முக்கியம். முதுகு இருக்கையில் முழுதாகச் சாய்ந்திருக்க, இரு பாதங்களும் தரைத்தட்டில் படிய, கை கைப்பிடியை எட்டினால் ஏற்றலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை எந்தக் காரணத்திற்காகவும் நாங்கள் ஏற்கமாட்டோம். கவிழும்போது எந்தத் தாயாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. பின்னால் உள்ள சரக்குத் தட்டு மூட்டைக்கு உரியது. அங்கே பெல்ட்டும் இல்லை, கூண்டும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 தடை செய்கிறது. ஆகவே பதிவு எண் இல்லாத இவ்வண்டியில் பண்ணையிலிருந்து பெட்டிக்கடை வரை போய்வருவதும் குற்றமே. சிறார் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழியுண்டு. கோடையில் வற்றிய ஏரிப் படுகை யாருக்கும் சொந்தமில்லாத திடல்போலத் தோன்றினாலும், அது அரசுக்குரிய நீர்நிலை. மேலே காய்ந்து அடியில் சேறாக இருக்கும் இடங்களும், மண் எடுத்த பள்ளங்களும் அங்கே மறைந்திருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டுகளில் நேரும் காயத்தை விலக்கிவைக்கும் பத்திரங்கள் பல உள்ளன.

சொந்த நிலமேயானாலும் ஓட்டுமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு, மூடாத ஆழ்குழாய்க் குழி, மின்கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பி, கழுத்து உயரத்தில் செல்லும் வேலிக் கம்பி ஆகியவை அமெரிக்க உற்பத்தியாளரின் கையேட்டில் இரா. நம் நிலங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்காகச் செல்லாதீர்கள். திரும்புமுன்பே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். நமக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத் திடல் இருக்கிறது. அங்கே ஆம்புலன்சும் மருத்துவக் குழுவும் வந்து நில்லாமல் பந்தயம் தொடங்காது. பண்ணையில் அவ்வளவு தேவையில்லை. ஆயினும் தனியாக ஓட்டாமல், உதவிக்கு அழைக்க ஒருவர் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது ஓட்டுங்கள்.

கவிழ்ந்துவிட்டால்

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். எரிபொருள் கசியலாம், புகைபிடிப்பவரை விலக்குங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்பவரையும், கை கால் மரத்துவிட்டது என்பவரையும் தீ போன்ற உடனடி அபாயம் இருந்தாலன்றி இழுத்து வெளியே எடுக்க வேண்டாம். கை அல்லது கால் வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தால், பலர் சேர்ந்து வண்டியைத் தூக்கி மறுபடி சரியாதவாறு கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்த பின்னரே உறுப்பை விடுவிக்க வேண்டும். இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ தூவ வேண்டாம். அவற்றைக் கழுவி எடுப்பதிலேயே அறுவை அரங்கில் நேரம் போகிறது. விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி விரலில் நேராகப் படக்கூடாது.

எலும்பு முறிந்தது தெரிந்தவுடன் புத்தூர்க் கட்டுக்கு வண்டியைத் திருப்பும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் வலுவாக இருக்கிறது. நசுங்கிய கைகால்களில் மணிக்கு மணி வீக்கம் ஏறும். அதன்மேல் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினால் உள்ளே அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். ஆறு மணி நேரம் கடந்தால் அது மீளாமல் போகலாம். காயத்தின் அளவைவிட மிகுதியாக வலி இருப்பது, விரலைச் சற்று நீட்டினாலே துடிப்பது, விரல்நுனி மரத்துப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தாலும், எங்கே போட்டிருந்தாலும், இவற்றைக் கண்டால் இரவென்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வாருங்கள். ஏன் அங்கே போனீர்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

108-ஐ அழைக்கும்போது பண்ணையின் பெயரைச் சொன்னால் ஓட்டுநருக்கு விளங்காது. ஊராட்சியின் பெயரையும், பேருந்து நிறுத்தத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதையும் ஒரு தாளில் எழுதி, வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்கு அருகில் ஒட்டி வையுங்கள். ஆம்புலன்சை எதிர்கொள்ள ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்புங்கள்.