வடியும் காதை வாளா விடலாகாது

திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் ‘கேள்வி’ என்று பெயர். எழுத்தறியாதாரும் அறிவு பெறுதற்குரிய வாயில் செவியே என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். கிராம வாழ்க்கைக்கு இவ்வுண்மை இன்றும் பொருந்தும். வேளாண்மை அலுவலர் கூறும் யோசனையைக் கேட்பதும், கிராம சபையில் கலந்து பேசுவதும், சந்தையில் விலை பேசுவதும் செவியின் துணையால் நடைபெறுகின்றன. பின்னால் வரும் பேருந்தின் ஒலியைக் கேட்டு விலகி நிற்பதற்கும் செவியே காவல்.

இத்தகைய செவியில் சீழ் வடிவதை நம்மவருள் பலர் ஒரு நோயாகவே கருதுவதில்லை. “சிறு வயது முதலே இப்படித்தான்; வலி ஒன்றும் இல்லையே” என்று கூறிப் பஞ்சை அடைத்துக்கொண்டு வயலுக்குச் செல்வோர் உண்டு. குழந்தைக்குக் காது வடிந்தால் மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் தாய், தன் காது பத்தாண்டுகளாக வடிவதைப் பொருட்படுத்துவதில்லை. வலி இல்லாமையால் தீங்கும் இல்லை என்று எண்ணுவது பெருந்தவறு. அதன் காரணத்தை அறிய, முதலில் செவியின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

செவியின் அமைப்பு

செவிக்கு மூன்று பகுதிகள் உண்டு. நாம் காணும் மடலும் அதன் துளையும் புறச்செவி. அத்துளையின் முடிவில், முரசின் தோலைப்போல் விறைப்பாக அமைந்திருப்பது செவிப்பறை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அதற்கு அப்பால் உள்ள சிறு அறையே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அங்கே சங்கிலிபோல் இணைந்துள்ளன. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அளவேயுள்ள அங்கவடி எலும்பே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. செவிப்பறையின் அதிர்வை இவ்வெலும்புகள் உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பு அவ்வதிர்வை நரம்பின் வழியாக மூளைக்கு அறிவிக்கிறது.

நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியுடன் ஒரு சிறு குழல் இணைக்கிறது. சளிப் பிடிக்கும்போது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகள் இக்குழல் வழியே நடுச்செவியை அடையக்கூடும். அங்கே சீழ் பிடித்துச் செவிப்பறையில் துளை உண்டாகிறது. அத்துளை மூடாமல் நின்றுவிட்டால், அதன் வழியே அடிக்கடி சீழ் வடிகிறது. மூக்கையும் தொண்டையையும் ஆராயும் மருத்துவரே காதையும் ஆராய்வதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இருவகைச் சீழ்

காதுச் சீழ் நோயில் பொதுவாக இரண்டு வகைகளைக் காணலாம். முதல் வகையில் செவிப்பறையின் நடுப்பகுதியில் துளை இருக்கும். சளிப் பிடித்தாலும், குளத்தில் மூழ்கிக் குளித்தாலும், கோழை போன்ற நீர் மிகுதியாக வடியும், பின்னர் நின்றுவிடும். பெரும்பாலும் துர்நாற்றம் இராது. காது சிறிது சிறிதாக மந்தமாகும்.

இரண்டாம் வகை கொடியது. செவிப்பறையின் மேற்பகுதியோ விளிம்போ உள்வாங்கி ஒரு பைபோல் ஆகிறது. அதனுள் தோலின் செதில்கள் உதிர்ந்து, வெளியேற வழியின்றிக் குவிகின்றன. இக்குவியலை மருத்துவர்கள் ‘கொலஸ்டியடோமா’ என்பர். இது புற்றுநோய் அன்று. ஆயினும் மெல்ல வளர்ந்து சுற்றியுள்ள எலும்பை அரிக்கும் இயல்புடையது. இதில் வடியும் சீழ் குறைவு; ஆனால் நாற்றம் மிகுதி. சில வேளைகளில் இரத்தமும் கலந்திருக்கும்.

நடுச்செவியின் கூரையாக உள்ள மெல்லிய எலும்பிற்கு மேலேதான் மூளை இருக்கிறது. முகத்தை இயக்கும் நரம்பு நடுச்செவியின் சுவரை ஒட்டியே செல்கிறது. எலும்பு அரிக்கப்பட்டால், முகம் ஒரு பக்கம் கோணலாகலாம், தலைசுற்றல் தோன்றலாம், மூளையுறை அழற்சியும், மூளையில் சீழ்க்கட்டியும் உண்டாகி உயிருக்கே கேடு வரலாம். இவ்வளவும் நேரும் வரை வலி தோன்றாமலே இருத்தலும் கூடும். நாற்றத்துடன் சிறிதளவே வடியும் காதை அசட்டை செய்யலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

உடனே செல்ல வேண்டிய வேளைகள்

காது வடிபவருக்குக் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், முகக் கோணல், காதின் பின்புறம் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சீழ் இல்லாதவருக்கும் ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் அதுவும் அவசர நிலையே. “சளியாக இருக்கும், நாளடைவில் திறந்துகொள்ளும்” என்று காத்திருத்தல் கூடாது. தொடக்க நாட்களில் செய்யும் சிகிச்சைக்கே பயன் மிகுதி.

செய்யத் தகாதவை

காய்ச்சிய எண்ணெய், பச்சிலைச் சாறு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காதில் ஊற்றுவது தீங்கானது. கோழி இறகு, தீக்குச்சி, கொண்டை ஊசி முதலியவற்றால் குடைவதும் அவ்வாறே. காதுக் குறும்பி அழுக்கன்று. அது செவித்துளைக்குப் பாதுகாப்பு. பெரும்பாலும் தானே வெளிவந்துவிடும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவதும் தவறு. செவிப்பறையில் துளை இருக்கும்போது சில மருந்துகள் உட்செவியைத் தாக்கக் கூடியவை. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சினால் காதை மூடிக்கொள்வது நல்லது.

சிகிச்சை முறை

சிறப்பு மருத்துவர் நுண்ணோக்கியின் உதவியால் காதைத் துப்புரவு செய்து, துளை எங்கே உள்ளது என்று காண்பார். இசைக்கவையை ஒலிக்கச் செய்தும், கேட்கும் திறனை அளக்கும் கருவியைக் கொண்டும், குறைபாடு நடுச்செவியிலா உட்செவியிலா என்று அறிவார். முதல் வகை நோயில், தக்க சொட்டு மருந்தால் சீழ் நின்றதும், செவிப்பறையின் துளையை அடைக்கலாம். காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையைச் சிறிது எடுத்து ஒட்டுப்போடுவது வழக்கம். பெரும்பாலோருக்குத் துளை மூடிவிடுகிறது. கேட்கும் திறனும் பலருக்குத் தெளிவடைகிறது.

இரண்டாம் வகைக்கு மருந்து மட்டும் போதாது. காதின் பின்புற எலும்பைக் குடைந்து, நோயை அறவே அகற்ற வேண்டும். இங்கே உயிரைக் காப்பது முதல் நோக்கம். கேட்கும் திறனை மீட்பது அடுத்தது. நோய் மீண்டும் தோன்றக்கூடும் ஆதலால், அறுவைக்குப் பின்னரும் மருத்துவர் கூறும் நாட்களில் தவறாது காட்டிவர வேண்டும்.

செவி அறுவையில் நுண்ணோக்கியை 1921-இல் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் நைலன். செவிப்பறையைச் செப்பனிடும் முறையை 1950-களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் சோல்னரும் வளர்த்தனர். அன்று சிலருக்கே எட்டிய அச்சிகிச்சை இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது.

எங்கே செல்வது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுக. அங்கிருந்து சீட்டுப் பெற்று, காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். அறுவை தேவையெனில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிக. காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2006-07-ஆம் ஆண்டில் 25 மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது.

ஊராட்சி உறுப்பினர்களும், மகளிர் குழுவினரும், ஆசிரியர்களும் ஆண்டுக்கொருமுறை, மார்ச் 3-ஆம் நாளாகிய உலகச் செவித்திறன் நாளிலேனும், ஊரில் காது வடிவோர் யாவர் என்று விசாரித்து அவர்களை மருத்துவரிடம் அனுப்புவார்களாயின் அது பெருந்தொண்டாகும். வயல் வேலை ஒரு நாள் தாமதித்தால் மறுநாள் செய்துகொள்ளலாம். அரிக்கப்பட்ட எலும்பும் இழந்த செவியும் அவ்வாறு மீள்வன அல்ல.